ஜப்பான் மொழி நம் பள்ளிக்கு இருமுறை வந்தது

ஆசிரிய நண்பர்களே, படிவம் நான்கில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், நான் போன்ல ஜப்பான் மொழி படிக்கிறேன். எஸ்.பி.எம்.ல தமிழுக்குப் பதிலா அதை எடுக்க முடியுமா?" எங்கள் பள்ளியில் ஜப்பானிய மொழி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பதிலே இல்லை என்று தோன்றியது. அவள் கேட்டது பாடப் பட்டியலைப் பற்றி அல்ல. எந்த மொழிக்கு எதிர்காலம் இருக்கிறது என்று கேட்டாள். அதற்குப் பதில் தேடப் போனால் வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

பாரிட் புந்தாரிலிருந்து தொடங்குகிறேன். பேராவின் வடக்கு எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு, இன்னொரு பக்கம் பினாங்கின் நிபோங் திபால். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரியான் வட்டாரத்துச் சீனித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே இன்றும் இருக்கிறார்கள். சீனி போய் ரப்பர் வந்தது. ரப்பரும் குறைந்து இன்று செம்பனை நிற்கிறது. வயல் மட்டும் அப்படியே இருக்கிறது.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த பத்து நாளுக்குள் பிரிட்டிஷ் படை கெடாவை விட்டுப் பின்வாங்கி, இந்தக் கிரியான் ஆற்றைத் தடுப்பரணாக வைத்து நிற்கப் பார்த்தது. நிற்க முடியவில்லை. ஜப்பானிய மொழி நம் பள்ளிக்குள் முதல்முறை நுழைந்தது அந்தப் படைக்குப் பின்னால்தான்.

1942இல் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது "நிப்போங்கோ" எனப்பட்ட ஜப்பானிய மொழி கட்டாயமானது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. பிள்ளைகள் காலையில் வரிசையாக நின்று ஜப்பானிய தேசிய கீதத்தைப் பாடினார்கள். ஆசிரியர்களே மாலையில் நிப்போங்கோ வகுப்புக்குப் போய், அங்கே படித்ததை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இதே காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பெரும் பங்கினர் திரும்பவில்லை.

எங்கள் பாட்டிக்கு அப்போது பத்து வயது. கடைசி வரைக்கும் "இச்சி, நி, சான், ஷி" என்று எண்ணிக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். ஒருமுறை அந்த மொழியில் வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். "எண்ண மட்டுந்தான் தெரியும்மா. எங்க அண்ணன் எப்ப வருவார்னு நாள் எண்ணுனோம்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

1945இல் போர் முடிந்ததும் நிப்போங்கோ ஒரே நாளில் பள்ளியை விட்டுப் போனது. யாரும் அதைத் தேடவில்லை. மூன்றரை ஆண்டுக் கட்டாயம் மிச்சம் வைத்தது சில எண்களையும் ஒரு பாட்டையும்தான். அடித்துப் புகட்டிய மொழி தங்காது.

ஆனால் அதே மொழி இரண்டாம் முறை வந்தபோது தங்கியது. 1982இல் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் "கிழக்கு நோக்கும் கொள்கை"யை அறிவித்தார். மாணவர்கள் ஜப்பானுக்குப் படிக்கப் போனார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கெனத் தயாரிப்பு வகுப்பு தொடங்கியது. 1984இல் முழுத் தங்கும் விடுதிப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி பாடமானது. பிரெஞ்சு மொழியும் இத்தகைய பள்ளிகளில்தான் கற்பிக்கப்பட்டது. முதலில் ஜப்பானியத் தன்னார்வலர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். பிறகு அரசு நம் நாட்டு ஆசிரியர்களையே ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. 2005 வாக்கில் சாதாரணத் தினப்பள்ளிகள் சிலவற்றுக்கும் அது வந்து சேர்ந்தது.

என்ன மாறியது? மொழி மாறவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி, அட்டவணையில் நேரம், படித்து முடித்தால் போக ஓர் இடம் ஆகிய மூன்றும் அதற்குக் கிடைத்தன.

இப்போது நம் தமிழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையிலேயே ஒரு வரி இருக்கிறது: ஒரு பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யப்படும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அந்தச் சட்டத்தில் தேசிய இடைநிலைப்பள்ளிக்கான விளக்கத்தை ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். 15 பேரின் பெற்றோர் கேட்டால் தமிழுக்கு வசதி "செய்யப்பட வேண்டும்". அதே விளக்கத்தில் சற்றுக் கீழே ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு வருகின்றன. அவற்றுக்கு, நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்பவும் இருந்தால், வசதி "செய்யப்படலாம்". நமக்கு "வேண்டும்", அவர்களுக்கு "லாம்". சட்டத்தில் நாம்தான் மேலே இருக்கிறோம். அட்டவணையில்தான் கீழே.

காரணம் உங்களுக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன் பிறகு தமிழ் ஒரு பாடம் மட்டுமே. பல பள்ளிகளில் அது பள்ளி முடிந்த பிறகு, பேருந்து கிளம்பும் நேரத்தில் நடக்கும் பாடம். முன்பு நான் வேலை செய்த ஒரு பள்ளியில் 14 பேர்தான் பெயர் கொடுத்தார்கள் என்று வகுப்பையே நிறுத்தினார்கள். பதினைந்தாவது பிள்ளை இருந்தான். அவன் அப்பாவிடம் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த 14 பேரும் எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதவில்லை.

பாடத்தை மதிப்பெண் கணக்கு போட்டு விடுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. தமிழ்நாட்டிலேயே மேல்நிலை வகுப்பில் தமிழை விட்டுவிட்டு மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்க 2006இல் அங்கே சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கே 2009இல் எஸ்.பி.எம். பாடங்களை 10 ஆகக் குறைக்கும் அறிவிப்பு வந்தபோது நம் சமூகம் குரல் கொடுத்தது. அதன் பிறகே தமிழ் மொழியும் இலக்கியமும் எடுப்பவர்களுக்கு 12 பாடங்கள் வரை இடம் கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது.

அப்படியானால் அந்த மாணவிக்கு என்ன சொல்வது? ஜப்பானிய மொழி படிக்காதே என்றா? இல்லை. மறுவாரம் அவளைக் கூப்பிட்டு ஜப்பானிய எழுத்து வரிசையைச் சொல்லச் சொன்னேன். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்யெழுத்து வரிசையை எழுதி, அவர்களிடம் இல்லாத எழுத்துகளை அடிக்கச் சொன்னேன். க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று மிஞ்சியது. "டீச்சர், ஒரே எழுத்துதான் மாறுது!" என்றாள். அந்த ஹகரமும் பழைய ஜப்பானிய மொழியில் பகரமாக ஒலித்தது என்பதே மொழியியலாளர் கருத்து. இது தற்செயல் அல்ல. பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலியியல் ஜப்பானுக்குப் போய் அந்த வரிசையை அமைத்தது.

பிறகு ஒரு வாக்கியம். "வத்தாஷி வா கோஹான் ஓ தபேமாசு." நான் சோற்றைச் சாப்பிடுகிறேன். எழுவாய் முதலில், பயனிலை கடைசியில். "ஓ" அப்படியே நம் இரண்டாம் வேற்றுமை "ஐ" செய்யும் வேலையைச் செய்கிறது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்று எழுதினார். அதைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. நாமும் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஆனால் வேற்றுமை உருபு என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானிய இலக்கணத்தில் பாதி வேலை முடிந்தது. அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அவள் இரண்டையும் படிக்கிறாள். தமிழ் எஸ்.பி.எம்.முக்கு, ஜப்பானியம் அவளுக்கு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த எழுத்து வரிசைப் பயிற்சியை வேற்றுமை பாடத்தின்போது ஒருமுறை செய்து பாருங்கள், அரைமணி நேரம் போதும். அதைவிட முக்கியம், ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் சேரும் முதல் வாரத்திலேயே தமிழ்ப் பிள்ளைகளை எண்ணுங்கள். 14இல் நின்றால் பதினைந்தாவது வீட்டுக்கு நேரில் போங்கள், பெற்றோரின் கடிதத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். சட்டம் தன் வேலையைச் செய்ய, யாராவது கேட்க வேண்டும்.