ஐயனார் குதிரையும் ஆற்றுக் குதிரையும்



பினாங்குத் தீவில் படகேறி அக்கரையில் இறங்கினால் வருவது செபராங் பிறை. முற்காலத்தில் கரும்புத் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்திருந்த பகுதி அது. அத்தகைய தோட்டம் ஒன்றின் பள்ளியில்தான் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கினேன். பள்ளிக்குப் பின்புறம், அரசமரத்தடியில் முனீஸ்வரர் கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றால் நான்கு கம்பங்களும் ஒரு தகரக் கூரையுந்தான். அதன் முன்னே சிமெண்டால் செய்த வெள்ளைக் குதிரை ஒன்று நின்றது. உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். ஒரு காது உடைந்திருந்தது. அதைச் செய்தவர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் என்பது மட்டுமே எஞ்சியிருந்தவர்களுக்குத் தெரியும், பெயர் தெரியாது.

ஒரு நாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம், "சார், சாமி உள்ளே உட்கார்ந்திருக்கு. குதிரை மட்டும் ஏன் வெளியே நிற்குது?" என்று கேட்டாள். "இரவில் காவலுக்குப் போவார், அதற்காக நிற்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பயிற்சிக் கல்லூரியில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒரு மாசி மகத்தன்று, புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் போனால் வில்லுன்னி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில் இருக்கிறது. கோயிலுக்கு முன்னே, திறந்த வெளியில், ஏறத்தாழ 33 அடி உயரமான குதிரைச் சிலை. ஆசியாவிலேயே இதுதான் பெரிது என்று ஊரார் சொல்கிறார்கள். அளந்து ஒப்பிட்டவர் யாரோ நான் அறியேன். ஆனால் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அன்று குதிரையின் உடம்பே கண்ணில் படவில்லை. நேர்ந்துகொண்டவர்கள் காகிதப் பூ மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு மாலையும் குதிரையின் கழுத்திலிருந்து தரை வரை தொங்கும் நீளம். மேலே ஏறி நின்று சிலர் மாலைகளை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொழுது ஏற ஏற, குதிரை ஒரு வண்ண மலையாகிவிடுகிறது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி, "மலேயாவிலிருந்தா வர்றீங்க தம்பி? எங்க பெரியப்பா அங்கே போனவருதான். திரும்பலே" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தகைய பெருஞ்சிலைகள் சில ஊர்களில்தான் உண்டு. ஆனால் மண்குதிரை இல்லாத ஐயனார் கோயிலைக் காண்பது அரிது. அதைச் செய்பவர்கள் வேளார் எனப்படும் குயவர்கள். பல ஊர்களில் அவர்களே பூசாரிகளுமாவர். ஊரார் தங்கள் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுப்பதற்குப் 'பிடிமண்' கொடுத்தல் என்று பெயர். அந்தப் பிடியைச் சேர்த்துத்தான் வேலை தொடங்கும். களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து, முதலில் நான்கு கால்களைக் குழல்போல் எழுப்புவர். அவை சற்று உலர்ந்து பாரம் தாங்கும் நிலைக்கு வந்த பின்பே வயிறு, தலை கடைசியில். உள்ளே வெற்றிடமாக இருப்பதால்தான் சூளையில் வெடிக்காமல் வேகிறது. பிறகு கண் திறந்து, ஆடவர் தோளில் சுமந்து, ஐயனார் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். இதுவே புரவியெடுப்பு. புதுக்குதிரை வந்தால் பழையதைப் பழுதுபார்ப்பதில்லை. அது காலப்போக்கில் சிதைந்து மண்ணோடு கலந்துவிடும்.

ஐயனார் ஊர் எல்லைக்கு மட்டும் காவலர் அல்லர்; ஏரிக்கும் காவலர். கரை உடையாமல் பார்த்துக்கொள்பவர் அவரே என்பது உழவர் நம்பிக்கை. அதனால்தான் பல ஊர்களில் குதிரை நீர்நிலை ஓரமாகவே நிற்கிறது.

நீர்நிலை ஓரம் நிற்கும் குதிரை என்றதும் ஸ்காட்லாந்து நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்நாட்டுக் கிராமக் கதைகளில் 'கெல்பி' என்றொரு நீர்க்குதிரை வருகிறது. ஆற்றங்கரையில் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்குமாம். குழந்தைகள் ஏறி அமர்ந்ததும் அதன் தோல் பசைபோல் ஒட்டிக்கொள்ள, அப்படியே நீருக்குள் பாய்ந்துவிடுமாம். பிள்ளைகளை ஆற்றுப்பக்கம் போகவிடாமல் தடுக்கத் தாய்மார் சொன்ன கதையாகவும் இருக்கலாம். நம் தோட்டங்களில், "அல்லூர்ப் பக்கம் போகாதே, முனி அடிக்கும்" என்று சொல்லவில்லையா?

அந்தக் கெல்பியின் பெயரால் ஃபால்கர்க் நகரில் இரண்டு பிரம்மாண்டமான குதிரைத் தலைகள் 2013ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டன. மறு ஆண்டு பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. உயரம் 30 மீட்டர், அதாவது குளமங்கலத்துக் குதிரையைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொன்றும் 300 டன் எடை. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் போர்த்தப்பட்டவை. ஒன்று தலை நிமிர்ந்தும் மற்றது குனிந்தும் இருக்கும். சிற்பி ஆண்டி ஸ்காட் என்பவர். கிளைட்ஸ்டேல் இனத்து வேலைக் குதிரைகள் இரண்டை மாதிரியாக வைத்துக்கொண்டார். அவற்றின் பெயர்கள் டியூக், பேரன். (நம் வீட்டுப் பேரன் அல்ல, அங்கே அது ஒரு பிரபுப் பட்டம்.)

பெயர்தான் பேய்க்குதிரையின் பெயர். சிலை நினைவுபடுத்துவதோ உழைத்த குதிரைகளை. 1790இல் திறக்கப்பட்ட ஃபோர்த்–கிளைட் கால்வாயின் கரையில் அவை நிற்கின்றன. அந்நாளில் அக்கால்வாயில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவை குதிரைகளே. பாரம் இழுத்தவற்றுக்கு ஒரு நாடு நூறடி உயரத்தில் சிலை வைத்திருக்கிறது. பட்டத்துக் குதிரைக்கன்று, பார வண்டிக் குதிரைக்கு! எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அக்கால்வாய் கிளைட் நதியோடு சேர்கிறது. அந்த நதிக்கரையிலுள்ள கிளாஸ்கோவில்தான் 1926ஆம் ஆண்டு 'ரஜூலா' கப்பல் கட்டப்பட்டது. உங்கள் தாத்தா பாட்டியரில் எத்தனையோ பேர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கில் வந்து இறங்கிய கப்பல் அது. சஞ்சிக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிமார் மூலம் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் தகரப் பெட்டியையும் பாயையும் கொண்டு வந்தார்கள். 33 அடிக் குதிரையைக் கப்பலில் ஏற்ற முடியுமா? மனத்தில் வைத்துக்கொண்டு வந்து, பால் மரங்களுக்கிடையே இரண்டடியில் செய்து வைத்தார்கள். எங்கள் பள்ளிக்குப் பின்னால் நின்றது அந்தக் குதிரைதான் என்பது குளமங்கலத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நிலம் கைமாறி, வீடுகள் எழும்பின. லயத்து மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோயிலுக்கு வேறோர் இடத்தில் சிறு மனை கிடைப்பதற்குள் பெரியவர்கள் எத்தனையோ படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. குதிரையைப் பெயர்த்து லாரியில் ஏற்றிய நாளில் நானும் மாணவர்களோடு போயிருந்தேன். முதலில் அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டடி மூன்று அங்குலம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

லாரி புறப்படும் நேரத்தில், ஐம்பது ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டி ஒருவர் அரசமரத்தடிக்குத் திரும்பிப் போனார். குதிரை நின்ற இடத்தில் குனிந்து மண்ணை அள்ளி ஒரு மைலோ டின்னில் போட்டுக்கொண்டு வந்தார். பிடிமண் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை. புது இடத்தில் அந்த மண்ணைப் பரப்பி, அதன்மேல்தான் குதிரையை நிறுத்தினார்கள். உடைந்த காதை ஒட்டிவிடலாம் என்று ஓர் இளைஞர் சொன்னார். பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.