1964: ஒரு குடியரசுக் கட்சிக்காரரின் தர்மசங்கடம்

போன வாரம் ராத்திரி ஒரு மணி. பில்ட் ஓடி முடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில், யூடியூபில் ஒரு பழைய அமெரிக்கத் தேர்தல் விளம்பரம் கண்ணில் பட்டது. கருப்பு வெள்ளை. ஒரு இளைஞர் கேமரா முன்னாடி நாலு நிமிஷத்துக்கு மேல் பேசுகிறார். நடுவில் ஒரு சிகரெட் பற்ற வைக்கிறார். பாட்டு இல்லை, கொடி இல்லை. அவ்வளவுதான் விளம்பரமே!

பேசுபவர் வில்லியம் போகர்ட் என்ற நடிகர். நிஜத்திலேயே குடியரசுக் கட்சிக்காரர். விளம்பரம் கொடுத்ததோ எதிரணி, அதாவது ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் தரப்பு. வருஷம் 1964.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். எங்க அப்பா குடியரசுக் கட்சி, தாத்தாவும் குடியரசுக் கட்சி. நான் ஐசனோவருக்குப் போட்டேன், போன தடவை நிக்சனுக்குப் போட்டேன். ஆனால் இந்த பேரி கோல்ட்வாட்டரைப் பார்த்தால் பயமா இருக்கு. முந்தாநாள் சொன்னதைக் கேட்டால், அதை அப்படிச் சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னபோது சீரியஸா, மறுத்தபோது சீரியஸா? கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் எல்லாம் என் கட்சி வேட்பாளருக்கு ஆதரவு என்றால், ஒன்று அவர்கள் என் கட்சி இல்லை, இல்லை நான் இந்தக் கட்சி இல்லை. ஓட்டே போடாம வீட்ல இருந்துடலாமான்னு கூட நினைச்சேன்...

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, யார் இந்த கோல்ட்வாட்டர்? அரிசோனா செனட்டர். அசல் கன்சர்வேட்டிவ். மத்திய அரசு எதிலும் ரொம்ப மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆள் இனவெறியர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. 1957 சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். ஆனால் 1964 ஜூன் 19 அன்று, ஹோட்டலிலும் வேலையிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் செனட்டுக்கு வந்தபோது, இது மத்திய அரசின் அதிகாரத்தை மீறியது என்று சொல்லி எதிர்த்தார். சட்டம் 73-27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் 27 பேர் ஆதரவு, 6 பேர்தான் எதிர்ப்பு. அந்த ஆறில் ஒருவரைத்தான் அடுத்த மாசமே கட்சி வேட்பாளராக்கியது!

அதைவிட ஆச்சரியம், அவர் பெயரை சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் முன்மொழிந்தவர். செனட்டில் கட்சித் தலைவராக இருந்த எவரெட் டர்க்சன். சிவில் உரிமைச் சட்டத்துக்கு அந்த 27 ஓட்டையும் திரட்டிக் கொடுத்த அதே டர்க்சன்! ஊர் ஊராகச் சரக்கு விற்ற வியாபாரியின் பேரன் என்று கோல்ட்வாட்டரை மேடையில் புகழ்ந்தார். சட்டத்துக்கு மனசாட்சி, மாநாட்டுக்குக் கட்சி என்று கணக்கைப் பிரித்துக்கொண்டார் போல.

ஏற்புரையில் கோல்ட்வாட்டர், சுதந்திரத்தைக் காக்கத் தீவிரவாதம் பிடிப்பது குற்றமில்லை என்கிற மாதிரி பேச, பாதிக் கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது. மிச்சிகன் கவர்னர் ஜார்ஜ் ராம்னி கடைசிவரை ஆதரவு தரவில்லை. ஐசனோவர் தயங்கித் தயங்கி, கெட்டிஸ்பர்க்கில் அவரோடு உட்கார்ந்து டிவிக்குப் பேசிக் கொடுத்தார். 1960-ல் நிக்சனை ஆதரித்த பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் ஜான்சன் பக்கம் போய்விட்டார். கருப்பரான அவருக்கு இதில் இரண்டு மனசு எல்லாம் இல்லை. நம்ம மேல் அடி விழாத வரைக்கும்தான் யோசிக்க அவகாசம் கிடைக்கும் போல.

நவம்பர் 3. ஜான்சனுக்கு 61 சதவீதம். கோல்ட்வாட்டருக்குச் சொந்த மாநிலம் அரிசோனாவும், தெற்கே ஐந்து மாநிலங்களும். அதுவரை ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரை ஒருமுறைகூட ஜெயிக்க வைக்காத வெர்மான்ட்டே மாறிவிட்டது. மிச்சிகனில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு ஜான்சனுக்கு. ஆனால் அதே மக்கள் ராம்னியை மறுபடி கவர்னராக்கினார்கள். அதாவது, கட்சி வேணும், இவர் வேண்டாம். மனசின் இரண்டு பக்கத்தையும் ஒரே சீட்டில் எழுதியிருக்கிறார்கள்!

கதை இங்கே முடிந்திருந்தால் நீதிபோதனை சுலபம். முடியவில்லை. கோல்ட்வாட்டர் வந்தால் போர் வரும் என்று பயந்துதான் பலர் ஜான்சனுக்குப் போட்டார்கள். 1965 மார்ச்சில் அமெரிக்க மரைன் படை வியட்நாமின் டானாங்கில் இறங்கியது. அந்த வருஷக் கடைசிக்குள் அங்கே 1,80,000 பேருக்கு மேல். கோல்ட்வாட்டருக்குப் போட்டால் போர் வரும் என்றார்கள், போட்டேன், வந்துவிட்டது என்று ஒரு ஜோக்கே உண்டு. மறுபக்கம், 1974 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குப் போய், உங்களுக்கு செனட்டில் ஆதரவு இல்லை என்று நிக்சனிடம் நேரில் சொன்ன மூவரில் ஒருவர் இதே கோல்ட்வாட்டர்.

அப்போ போகர்ட் ஏமாந்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுப் போடுகிற அன்று கையில் இருக்கிற தகவலை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். 2016-ல் வேறொரு குடியரசுக் கட்சி வேட்பாளர் வந்தபோது, ஹிலரி கிளின்டன் தரப்புக்காக அதே போகர்ட், வயசான முகத்தோடு மறுபடி கேமரா முன் உட்கார்ந்தார். ஆக, வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை :-)

கடைசியில் சொல்கிறேன் என்றேனே. போன தேர்தலில் நெருங்கின நண்பன் ஒருவன், மனசில்லாமல் தன் குடும்பக் கட்சிக்கே போட்டேன் என்றான். உனக்கு முதுகெலும்பு இல்லை என்று சொல்லிவிட்டு ரெண்டு மாசம் பேசாமல் இருந்தேன். நானோ, யாரும் பிடிக்கவில்லை என்று அன்றைக்குத் தூங்கிக் கொண்டிருந்தேன். வீட்ல இருந்துட்டா யார் ஜெயிச்சாலும் எனக்குக் கவலையில்லைன்னு ஆகிடும், எனக்குக் கவலை இருக்கு என்று போகர்ட் சொல்லும் இடத்தில் மூணு தடவை நிறுத்திப் பார்த்தேன். அவனாவது வரிசையில் நின்றான்.

பில்ட் ஃபெயில் ஆகியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு அவனுக்கு போன் போட்டேன்.