கைக்கிளையும் தோட்டத்துத் திடலும்: வட சிலாங்கூரில் ஒருதலைக் காதல் திரைப்படங்கள்

தமிழ்த் திரைப்படங்களுள் நிறைவேறாக் காதலைப் பொருளாகக் கொண்டவை தனியொரு வரிசையாக அமைவன. 1953-இல் வெளிவந்த ‘தேவதாஸ்’, 1959-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘கல்யாண பரிசு’, 1962-இல் அவரே இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, 1980-இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’, 1991-இல் கதிர் இயக்கிய ‘இதயம்’ ஆகியவை அவ்வரிசையில் முதன்மையானவை. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இயக்கத்தையும் இசையையும் நடிப்பையும் பேசுகின்றன. அவற்றைப் பார்த்தவர் யாவர், எந்த நிலத்தில் அமர்ந்து பார்த்தனர் என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. ரவாங் தொடங்கிப் பத்து ஆராங், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் வழியாகக் கோலசிலாங்கூர் வரை பரந்திருந்த தோட்டங்களை இடமாகக் கொண்டு அவ்வினாக்களை இக்கட்டுரை அணுகுகிறது.

இவ்வாய்வுக்குத் தொல்காப்பியத்தினின்று தொடங்குவது பொருந்தும். அகத்திணையியல் கைக்கிளையையும் பெருந்திணையையும் இரு ஓரங்களில் நிறுத்தி, இடையில் ஐந்திணையை வைக்கின்றது. நிலப்பகுப்பு நடுவணவற்றைப் பற்றியதே. ஓரத்து இரண்டற்கும் நிலம் வகுக்கப்படவில்லை. (பாலைக்கும் தனிநிலம் இல்லை என்பது வேறு செய்தி.) அதே இயலில், பிறர்க்கு அடிமைப்பட்டோரும் ஏவிய தொழில் செய்வோரும் காதல் மாந்தராக வருவதற்கு ஐந்திணைக்குப் புறத்தே தடையில்லை என்றொரு விதியும் உண்டு. அறமும் பொருளும் இன்பமும் வழுவாது நடத்தல் குற்றேவல் செய்வார்க்கு அரிது என்பது இளம்பூரணர் இதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்று. இவ்விதியை மேட்டிமை நோக்கின் வெளிப்பாடு என்று கூறிக் கடந்துசெல்வதே இன்று வழக்கம். அதில் உண்மை உண்டு. எனினும் உரையாசிரியரின் காரணத்தைத் தோட்டத்து வாழ்வோடு வைத்துப் பார்க்கும்போது, அது இழிவுரையாக மட்டும் தோன்றவில்லை. தன் பொழுது தனக்கு உரிமையாகாதவன் எவ்வாறு காதலிக்க இயலும் என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

நிலமும் பொழுதும்

அகப்பாடலுக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். தோட்டத்தில் இவ்விரண்டும் நிர்வாகத்தின் உடைமைகள். விடியுமுன் பெரட்டு, அதன்பின் வெட்டு, வெயில் ஏறியதும் பாலெடுப்பு, நிறுவை முடிந்த பின்னரே வீடு. முல்லைத் திணையில் கார்காலம் தலைவனைத் தலைவியிடம் மீட்டுக் கொணரும். கித்தாத் தோட்டத்திலோ மழை என்பது வெட்டு இல்லாத நாள், கூலி குறையும் நாள். வீடும் தனதன்று. லயத்து வீடுகள் ஒருசுவர்ப் பொதுவில் ஒட்டி நின்றவை. ஒரு வீட்டில் உரக்கப் பேசிய சொல் அடுத்த வீட்டிற்கும் உரியதாகிவிடும். வேலை போனால் வீடும் போகும்.

இந்நிலப்பகுதியில் காதலை முதலில் நாவலாக்கியவர்களுள் தோட்டத்துரை ஒருவரும் உண்டு என்பது கருதத்தக்கது. 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே, பின்னர் எழுதிய ‘மலேசி’ என்னும் நாவலுக்காக 1930-இல் கொன்கூர் பரிசு பெற்றார். அந்நாவலில் தோட்டத்துத் தமிழ்ப்பெண் துரையின் விழைவுக்கு உரியவளாக வருகிறாள். அவள் உள்ளம் அவள் வாயிலாகப் பேசப்படவில்லை. மறுமொழி பெறாது தானே சொல்லி இன்புறுவதே கைக்கிளை எனின், இதுவும் கைக்கிளையே. ஆனால் இங்குச் சொல்பவன் கையில் பெரட்டுப் புத்தகம் இருக்கிறது. 1941-ஆம் ஆண்டில் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர் முழுவதையும் உலுக்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் தோட்ட அலுவலர்களும் முறைகேடாக நடப்பது நிறுத்தப்படவேண்டும் என்பதும் ஒன்றாகும். ஒருதலைக் காதல் என்ற சொல்லை மென்மையான பொருளில் மட்டும் ஆளுவோர் இக்கோரிக்கையை நினைவில் இருத்துதல் நன்று.

திடற்படம்

ரவாங்கிற்கு 1892-இல் இருப்புப்பாதை வந்தது. லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் 1894-இல் அங்குள்ள தம் ஈயச் சுரங்கத்தில் மின்பொறியை இயக்கினர். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. ஆயினும் சுற்றுவட்டாரத்து லயங்களில் பல, நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. படம் காட்ட வருவோர் மின்னாக்கியையும் தம்முடன் கொண்டு வரவேண்டியிருந்தது. 1946-இல் நிறுவப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு ஆக்கிய படங்களை, அவசரகாலத்தில் (1948–1960) அரசாங்கத்தின் நடமாடும் படவண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டு சென்றன. அப்படங்களின் நோக்கம் பரப்புரை. மக்கள் வேண்டியது வேறு. தோட்ட நிர்வாகமோ கோயில் குழுவோ ஏற்பாடு செய்த திடற்படங்களே அவர்களுக்குரிய கலைவிழாவாயின.

இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத்துணி. பொழுது சாயும்முன் பாய் விரித்து இடம் பிடித்தல். துணியின் மறுபுறம் அமர்ந்து இடவலம் மாறிய உருவங்களைக் கண்டோர். சுருள் மாற்றும் இடைவேளையில் எழும் கச்சான் மணம். இவையெல்லாம் முதியோர் பலரும் சொல்லக்கூடிய பொதுச் செய்திகள். நம் பொருளுக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. திடலில் கிராணி நாற்காலியிலும் தொழிலாளி தரையிலும் அமர்ந்தனர். பெண்கள் ஒருபுறம், ஆடவர் ஒருபுறம். மகளும் தந்தையும் மாமியாரும் மருமகளும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்தனர். வீட்டிற்குள் பேசத்தகாத பொருளைத் தோட்டம் முழுவதும் கூடியிருந்து பார்த்துக் கண்ணீர் விடுவதற்கு அந்த இரவு இடமளித்தது. நிலமற்ற கைக்கிளைக்கு அங்கு ஓர் இரவுக்கேனும் நிலம் கிடைத்தது எனலாம். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்ததன் விளைவாக, 1950-களில் அத்திடல்களில் அமர்ந்த இளையோர் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள். கங்காணி வழியாக ஊரிலிருந்து பெண்ணெடுத்துவரும் வழி அருகிவிட்டது. மணத்துணை அதே தோட்டத்திலோ அண்டைத் தோட்டத்திலோ, உறவும் சாதியும் அனுமதிக்கும் எல்லைக்குள் அமைய வேண்டியிருந்தது. விரும்பியவரும் அதே லயத்தில், விரும்பத்தகாதவரும் அதே லயத்தில்.

கள்ளும் காதலும்

‘தேவதாஸ்’ சரத்சந்திரரின் 1917-ஆம் ஆண்டு வங்க நாவலிலிருந்து பிறந்தது. வேதாந்தம் ராகவய்யா இயக்கத்தில் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம், தமிழ், தெலுங்கு இரண்டிலும் உருவாயிற்று. அடுத்தடுத்த வீட்டுச் சிறார் இருவர், பெரிய வீட்டாரின் மறுப்பு, ஆடவனின் தயக்கம், பின்னர்க் குடி. கதைத்தலைவன் நிலக்கிழார் மகன். குடித்து அழிவதற்கும் அவனுக்கு ஓய்வும் செல்வமும் உண்டு. பார்த்தவருக்கோ மறுநாள் பெரட்டு உண்டு. இவ்வேறுபாட்டை அவர்கள் அறியாதவர் அல்லர்.

குடியைப் பற்றித் தோட்ட மக்களுக்கு ஏற்கெனவே தமக்கென ஒரு விளக்கம் இருந்தது. கள்ளுக்கடை தோட்டத்திற்குள்ளேயே நடத்தப்பட்டது. கூலியாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி அங்கேயே திரும்பியது. மேலே சுட்டிய 1941 வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கை. போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இயக்கம் கள்ளெதிர்ப்பையே முதன்மையாகக் கொண்டது. அத்தலைமுறையினருக்குக் குடி ஒரு தொழிற்சிக்கல். அதன் காரணம் வெளியே இருந்தது, பெயர் சொல்லிச் சுட்டக்கூடியதாய் இருந்தது. ‘தேவதாஸ்’ மரபு தந்த விளக்கத்தில் குடிக்குக் காரணம் நெஞ்சுக்குள் இருந்தது. ஒருவன் ஏன் குடிக்கிறான் என்ற கேள்விக்குக் கடைக்காரனையும் நிர்வாகத்தையும் காட்டிய விரல், காதல் தோல்வியைக் காட்டத் தொடங்கியது. இம்மாற்றத்தைத் திரைப்படமே உண்டாக்கிற்று என்று நான் வாதிடவில்லை. அவசரகாலத்தில் தொழிற்சங்க இயக்கம் ஒடுக்கப்பட்டதும், லயங்கள் வேலிக்குள் ஒருங்கு திரட்டப்பட்டதும், வெளிப்படப் பேசும் வழிகளைக் குறுக்கின. பேச்சு குறுகிய காலத்தில் பாட்டு பெருகியது. வேறு இழப்புகளையும் காதற்பாட்டின் சொற்களில் பாடிக்கொள்ள முடிந்தது. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடலால் இடம்பெயர்ந்தோரும், 1969-இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானபோது தமிழகம் திரும்பிய பல்லாயிரவரும் விட்டுச்சென்ற பிரிவுகள் அவ்விழப்புகளுள் அடங்கும். இந்நாட்டின்மீது இந்தியர் கொண்ட பற்றே ஒருதலைக் காதல்தான் என்று மேடையில் முழங்குவோர் உளர். அவ்வளவு தூரம் உவமையை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. குடியுரிமையும் கூலியும் உரிமைகள், மறுமொழிக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் அல்ல.

பேசாத பெண்

தொல்காப்பியம் கைக்கிளையில் ஆடவன் கூற்றையே காட்டுகின்றது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை பெண்பாற் கூற்றுக்கும் இடந்தருகிறது. முத்தொள்ளாயிரத்தில் உலாவரும் வேந்தனைக் கண்டு உள்ளம் இழந்த மகளிர் பேசுகின்றனர். பெண்ணின் ஒருதலை விழைவு அங்கு ஏற்கப்படுவதற்குக் காரணம், விரும்பப்பட்டவன் எட்டாத் தொலைவில் இருப்பதே. எதிர்வீட்டு ஆடவனை விரும்பும் பெண்ணுக்கு அவ்விலக்கியம் கைகொடுப்பதில்லை.

இவ்வகையில் ‘கல்யாண பரிசு’ புதுமையானது. தங்கை வசந்தியின் தியாகத்தையும் பாஸ்கரனின் தவிப்பையும் பாராட்டுவோர் பலர். எனக்கு அக்கதையில் முதன்மையாகத் தோன்றுபவள் தமக்கை கீதா. தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவள் அவள். தான் விரும்புபவன் தன் தங்கையை விரும்புகிறான் என்பதறியாமலே அவனை மணக்கிறாள். குழந்தை பெற்று, இறக்கிறாள். மூவருள் மெய்யான கைக்கிளை அவளுடையதே. தமக்கை இருக்கத் தங்கைக்கு மணம் ஆகாது என்ற முறைமையையும், உழைக்கும் பெண்ணின் விருப்பம் கடைசியிலேயே கேட்கப்படும் என்ற நடப்பையும் திடலில் அமர்ந்திருந்த பெண்கள் விளக்கமின்றி உணர்ந்திருப்பர். தோட்டத்தில் பெண்ணும் வெட்டுக்காரி; அவள் கூலியும் குடும்பத்தின் தூண். அவள் சம்பாதித்தாள், ஆனால் தேர்வு செய்யவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப்பின் வந்த ‘ஒருதலை ராகம்’ இம்மௌனத்தையே கதையாக்கியது. டி. ராஜேந்தரின் கதையும் பாடலும் இசையும் அமைந்த அப்படத்தில் இருவருமே விரும்புகின்றனர். பெண் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிச் சொல்லவில்லை. அவள் சொல்ல வரும்போது கேட்பதற்கு அவன் உயிரோடில்லை. அகமரபில் அலர் காதலுக்குத் துணைசெய்வது. ஊர் தூற்றத் தூற்றத் தலைவன் வரைவுக்கு விரைவான். படத்திலோ அலர் காதலைக் கொல்கிறது. லயத்து வாழ்வும் அதன் பக்கமே நின்றது. பொதுச்சுவரைக் கடந்த ஒரு சொல், அடுத்த நாள் பெரட்டில் உலவும். அதன்பின் ஒரு பெண்ணின் பள்ளிப்படிப்பு நின்றுவிடக்கூடும். 1970-களில் தோட்டத் தமிழ்ப்பள்ளியை முடித்த பெண்பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்காகப் பேருந்தேறி ரவாங்கிற்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் கோலசிலாங்கூருக்கும் செல்லத் தொடங்கியிருந்தனர். அந்தப் பேருந்துப் பயணத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் கொடுத்த விலைகளுள் மௌனமும் ஒன்று. நாயகியின் வாய்மூடலைக் கோழைத்தனம் எனக் கூறும் திறனாய்வு, அவள் வாய்திறந்தால் எதை இழப்பாள் என்று கணக்கிடுவதில்லை.

1980-களில் ஒளிநாடாக் கருவி வந்தது, திடல் வெறிச்சோடியது. ‘இதயம்’ படத்தின் நாயகன் இறுதிவரை சொல்லாமலே நிற்பதை வீட்டுக்கூடத்தில் ஐந்தாறு பேர் பார்த்தனர்; இளைஞர் சிலர் தனித்தும் பார்த்தனர். கூடி அழுத இடம் இல்லாமற்போனது. ஏறத்தாழ அதே காலத்தில் தோட்டத்து இளையோரின் தற்கொலைகளுக்கு இப்படங்களைக் காரணமாக்கும் குரல்களும் ஒலித்தன. ஆசிரியர்களிடையே அக்கருத்து இன்னும் செல்வாக்கிழக்கவில்லை. இளம்பிள்ளைகள் காண்பதைப் பின்பற்றுவர் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அக்குற்றச்சாட்டில் வேலையின்மையும் வெளியேற்ற அறிவிப்பும் இடம்பெறுவதில்லை. உயிர்க்கொல்லியான களைமருந்து தோட்டங்களில் அன்றாடப் புழக்கத்தில் இருந்ததும் இடம்பெறுவதில்லை. பாரகுவாட் இந்நாட்டில் 2002-இல் தடைசெய்யப்பட்டு, 2006-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020-இல்தான் முழுமையாக விலக்கப்பட்டது. திரைப்படத்தின்மீது பழிபோடுவது எளிது, அது எதிர்வழக்காடாது.

வகுப்பறையில் கவலைக்குரியது வேறொன்று. சொல்லாமல் விலகி நின்ற நாயகனின் இடத்தைப் பிற்காலப் படங்களில், மறுத்த பெண்ணைப் பின்தொடர்ந்து இணங்கவைப்பவன் பிடித்துக்கொண்டான். இரண்டையும் ஒருதலைக் காதல் என்றே மாணவர் குறிக்கின்றனர். முன்னது கைக்கிளை; பின்னது ஒவ்வாத காமத்தைப் பற்றிப் பெருந்திணை கூறும் செய்திகளோடு வைத்துப் பயிற்றத்தக்கது. அகத்திணையியலை நடத்தும் ஆசிரியர்க்கு இதனினும் பயன்மிகு எடுத்துக்காட்டு வாய்ப்பது அரிது.

தோட்டத்துப் பிள்ளைகள் வாழ்ந்த வாழ்வை இந்நாட்டு இயக்குநர்களே படமாக்கியபோது காதல் தோல்வி நடுவிடம் பெறவில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தோட்டத்தை விட்டு வெளியேறியோரின் குடியிருப்பில் வளரும் சிறுவனைப் பற்றியது. தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960-களின் கித்தாத் தோட்டமொன்றில் நிகழ்கிறது. அதன் நாயகி ஏங்குகிறாள். அவள் ஏக்கம் பல்கலைக்கழகத்தை நோக்கியது.