பூட்டிய அறைக்குள் வந்தது யார்?



கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. சாவியும் உள்ளேதான். உடைத்துத் திறந்தால் பிணம் கிடக்கிறது, கொன்றவனைக் காணோம். இதைத்தான் 'பூட்டிய அறை மர்மம்' என்கிறோம். எட்கர் ஆலன் போ 1841-இல் எழுதிய 'ரூ மோர்க் கொலைகள்' என்ற சிறுகதையை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள்.

அதற்கு முன்பே பாழடைந்த மாளிகை, நள்ளிரவு அலறல் எல்லாம் ஆங்கிலத்தில் உண்டு. 1764-இல் ஹோரஸ் வால்போல் தொடங்கிவைத்த 'கோதிக்' மரபு அது. போ அதே இருட்டுக்குள் நின்றுகொண்டு காரணம் கேட்டார்.

பாரிஸில் ஒரு வீட்டின் நான்காம் மாடி. மகளின் உடல் புகைபோக்கிக்குள் தலைகீழாகத் திணிக்கப்பட்டிருக்கிறது. தாயின் உடல் கீழே முற்றத்தில். மனிதர் செய்கிற காரியமா இது? ஓடிவந்தவர்கள் ஒரு கீச்சுக்குரலைக் கேட்டிருக்கிறார்கள். டச்சுக்காரர் அதைப் பிரெஞ்சு என்கிறார். ஆங்கிலேயர் ஜெர்மன் என்கிறார். ஸ்பானியர் ஆங்கிலம் என்கிறார், இத்தாலியர் ரஷ்ய மொழி என்கிறார். யாருமே தன் மொழி என்று சொல்லவில்லை! அவரவர் சொன்ன மொழியும் அவரவருக்குத் தெரியாது. பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த வீட்டில் வாழும் ரவாங்கில், இந்தப் பகுதியை வகுப்பில் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இதற்கிடையே, அந்த வீட்டுக்குப் பணம் கொண்டுவந்து கொடுத்த வங்கி எழுத்தர் ஒருவர் குற்றமே செய்யாமல் சிறைக்குப் போய்விடுகிறார்.

கடைசியில் துப்பறியும் துய்ப்பேன் கண்டுபிடிக்கும் கொலையாளி, போர்னியோவிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவந்த ஓராங் ஊத்தான். 'காட்டு மனிதன்' என்று நம் மாணவர்களுக்குப் பொருள் சொல்லவே வேண்டாம். பாவம், சாதுவான பிராணி அது.

1892-இல் கோனன் டாயில் எழுதிய 'புள்ளிப் பட்டை'யிலும் பூட்டிய அறையில் ஓர் இளம்பெண் சாகிறாள். இரவில் விசில் சத்தம், தரையோடு பிணைத்த கட்டில், அடுத்த அறைக்குள் திறக்கும் காற்றுத்துளை. அதன் வழியே வந்தது இந்தியப் பாம்பு. அதை ஏவியவர் கல்கத்தாவில் மருத்துவம் பார்த்த ஆங்கிலேயர்தான், மாற்றாந்தந்தை. கவனித்தீர்களா? இரண்டு அறைகளிலும் நுழைந்தது நம் பக்கத்துக் காட்டு உயிர்தான். காலனிக் காலத்து ஐரோப்பாவின் பயம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறைச் சான்று கிடைப்பது கஷ்டம்.

தமிழில் இதை வேறு பக்கம் திருப்பியவர் சுஜாதா. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர். 'கொலையுதிர் காலம்' நாவலில் பழைய பங்களா, இரவில் நடமாடும் பெண் உருவம், நடுவில் சொத்து விவகாரம். வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் தேடிப் போகும்போது கிடைக்கிற அறிவியல் விளக்கம் ஹோலோகிராம்: லேசர் ஒளியால் வரைந்த பேய். காட்டிலிருந்து எதுவும் வரவில்லை. சொத்து அந்த வீட்டாருடையதுதான்.