லட்ச ரூபாய்ச் சம்பளம்

மாதம் ஒரு லட்சம் வாங்கினால் வசதியாக வாழ முடியுமா என்ற பேச்சு இப்போது எங்கே போனாலும் காதில் விழுகிறது. நம் வயதுக்காரர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நாம் வேலைக்குச் சேர்ந்த நாளில் 'லட்சாதிபதி' என்றால் ஊருக்கு ஒருவரோ இருவரோதான். அதுவும் ஆயுள் முழுக்கச் சேர்த்த சொத்துக்குச் சொன்ன பெயர், மாதச் சம்பளத்துக்கு அல்ல.

நாட்டின் உச்சியில் இருந்தவர்களுக்கே அந்தத் தொகை கிடையாது. 1950இல் அரசியலமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு வைத்த சம்பளம் மாதம் 10,000 ரூபாய். 1998இல்கூட அது 50,000 தான் ஆயிற்று. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு 1950இல் 5,000. அது சரியாக ஒரு லட்சத்தைத் தொட்டது 2006ஆம் வருஷக் கணக்கில். அப்போதும் மத்திய அரசின் அமைச்சரவைச் செயலாளருக்கு அடிப்படைச் சம்பளம் 90,000!

அடிமட்டத்தையும் பார்த்துவிடலாம். நம் சென்னை வரதாச்சாரியார் தலைமையில் அமைந்த முதல் ஊதியக் குழு, 1947இல் கடைநிலை ஊழியருக்கு 30 ரூபாய் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியும் சொன்னது. 1986இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 750 ஆனது, 2016இல் 18,000.

2025இல் பத்து கிராம் சொக்கத் தங்கமே லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்பார்கள். தங்கத்தை வைத்துச் சம்பளத்தை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. (வீட்டில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) நம் சம்பளத்தில் பெரும் பங்கு அரிசிக்கும் மளிகைக்கும் போனது, ஒன்றாம் தேதி முதல் வேலை மளிகைக் கடைப் பாக்கியை அடைப்பது. இன்றைய லட்சக்காரருக்கு அரிசி ஒரு கவலையே இல்லை. அவருக்கு வீட்டுக்கடன் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு. நாம் முனிசிபல் பள்ளியில் படித்து, தர்மாஸ்பத்திரியில் மருந்து வாங்கினோம். சிலருக்குக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. சொந்த வீடு இருந்தால் லட்சம் தாராளம், சென்னையில் வாடகையும் தவணையும் சேர்ந்தால் இழுபறி என்பது என் கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வூதியம். 1-4-2003க்குப் பின் தமிழக அரசு வேலையிலும், 1-1-2004க்குப் பின் மத்திய அரசு வேலையிலும் சேர்ந்தவர்களுக்கு நம் பழைய பென்ஷன் இல்லை என்று ஆயிற்று. தனியார் வேலையில் நிலைமை இன்னும் மோசம். வருங்கால வைப்பு நிதியின் பென்ஷன் திட்டத்தில், 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய்தான் சம்பள வரம்பு. அதற்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தத் திட்டத்திலேயே இடமில்லை. அகவிலைப்படி ஏறினால் நம் பென்ஷனும் ஏறுகிறது. லட்சம் வாங்கும் எதிர்வீட்டுத் தம்பியோ, அறுபது வயதுக்கு மேல் சாப்பிட வேண்டியதை முப்பது வயதிலேயே அந்தச் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்கிறார்.