கூட்டம் பிடிக்காதவளுக்குக் கப்பல் சரிவருமா?

எங்கட குழுவில ஒருத்தி இருக்கிறாள். வெள்ளவத்தையில கலியாண வீடு எண்டால் மண்டபத்துக்குள்ள பத்து நிமிசம் நிற்பாள். அதுக்குப் பிறகு அவளைத் தேட வேண்டிய இடம் பின்படிக்கட்டு. கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. சனம் கூடினால் களைச்சுப் போவாள், அவ்வளவுதான். போன மாதம் கனடாவில் இருக்கிற பெரியப்பா குடும்பம் ஒரு கப்பல் சுற்றுலா ஒழுங்கு செய்தது. "உனக்குக் கூட்டம் ஒத்துவராது எண்டு தெரியும். அதுதான் உனக்கு மட்டும் சூட் போடுவம், மேலதிகக் காசை நீ குடு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கேள்வியை எங்களிட்டக் கொண்டுவந்தாள். மூவாயிரம் சனத்தோட ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள ஏழு நாள். விலை கூடின கபின் அதுக்குள்ள உண்மையிலேயே தனிமையைத் தருமா?

ஒரு பின்னேரத் தேத்தண்ணியோட முடிய வேண்டிய கதை. முடியேல்லை. விலைப்பட்டியல் பார்க்கத் தொடங்கிய நாங்கள் பழைய கப்பல்களுக்குள் போய்விட்டோம்.

கொட்டாஞ்சேனையில் உயரமான மாடி ஒன்றில் ஏறி நின்றால் துறைமுகம் தெரியும். மழை விட்ட மாதங்களில் பாரந்தூக்கிகளுக்கு நடுவில் சில நாள் வெள்ளையாக ஒரு பயணிகள் கப்பல் நிற்கும், ஏதோ மாடித்தொடரைத் தண்ணியில இறக்கி வைச்ச மாதிரி. கொழும்புக்கு இது புதுக் காட்சி இல்லை. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்த பிறகும் பெரிய நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்றன. கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875 இல் அடிக்கல் வைத்து 1885 இல் கட்டி முடித்தார்கள். அதோடு காலியின் காலம் போனது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகிற ஆட்கள் கொழும்பில் இறங்கி, கோட்டையில் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கி, கண்டி பார்த்துத் திரும்பிக் கப்பல் ஏறினார்கள். அன்ரன் செக்கோவ் 1890 இல் இந்த வழியாகத்தான் வந்தார், மார்க் ட்வைன் 1896 இல்.

அந்தக் கப்பல்களில் முதலாம் வகுப்பு எண்டால் என்ன? மெத்தையும் வெள்ளிக் கரண்டியும் என்றுதான் நினைத்திருந்தோம். கப்பல்களின் தள வரைபடங்களைப் பார்த்தபோது வேறொன்று விளங்கியது. முதலாம் வகுப்புக்கென்று தனி மேல்தளம், தனிச் சாப்பாட்டறை, தனிப் படிக்கட்டு. மற்றவன் உன் கண்ணில் படாத மாதிரிக் கட்டப்பட்ட ஒரு கப்பல். நீயும் அவன் கண்ணில் படமாட்டாய். விற்கப்பட்டது மெத்தை இல்லை, தூரம். (இங்கிலிசில 'போஷ்' எண்ட சொல், போகும்போது இடப்பக்கக் கபின், திரும்பும்போது வலப்பக்கக் கபின் எண்ட பணக்காரர் வழக்கத்தின் முதலெழுத்துகள் எண்டு ஒரு கதை உலாவுது. வெயில் படாத பக்கமாம். கேட்க நல்லாயிருக்கு, ஆதாரம்தான் ஒன்றும் இல்லை.)

எங்களுக்குக் கிட்டவான கடல் தூத்துக்குடி–கொழும்புக் கடல். அந்த வழியைப் பிரிட்டிஷ் இந்தியா கம்பனி வைத்திருந்தது. அதற்கு எதிராக வ.உ.சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கினார். அடுத்த வருசம் வந்த அவருடைய கப்பல்களில் ஒன்றின் பெயர் காலியா. அந்தக் கதையில் எல்லாரும் போட்டியைச் சொல்வார்கள்: வெள்ளைக்காரக் கம்பனி கட்டணத்தை வெட்டியது, கடைசியில் சும்மா ஏத்தவும் தயாரானது, வ.உ.சி. 1908 இல் சிறைக்குப் போனார் என்று. நாங்கள் அந்தக் கப்பலின் இருக்கைக் கணக்கில் நின்றுவிட்டோம். முதலாம் வகுப்பு 42 பேர். இரண்டாம் வகுப்பு 24. சாதாரண வகுப்பு 1300.

சுதேசிக் கப்பல்தான், ஆனால் நூறு பேரில் மூன்று பேருக்கே முதலாம் வகுப்பு. மற்ற 1300 பேரும் தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பக்கத்து ஆளின் முழங்கை படாமல் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டவர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கடலைக் கடந்தவர்களில் தோட்டங்களுக்கு வந்த சனம் எத்தனை, புறக்கோட்டையில் கணக்கெழுத வந்த சனம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கோ. அதிலும் சில பேருக்குக் கூட்டம் பிடிக்காமல் இருந்திருக்கும்தானே? எங்கட சினேகிதியின் சுபாவம் 2000க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. பிற்காலத்தில் நாகபட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ஓடிய ரஜூலா, 1926 இல் கட்டினபோது ஐயாயிரத்துக்கும் மேல் தளப் பயணிகளை ஏத்த அனுமதி வைத்திருந்தது. ஐயாயிரம்! அதுக்குள்ள ஒதுங்கி நிற்க ஒரு கைபிடிக் கம்பியாவது கிடைச்சிருக்குமோ தெரியாது.

கூச்ச சுபாவக்காரன் ஒருவன் கபின் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எழுத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1888 செப்டெம்பரில் பம்பாயிலிருந்து 'கிளைட்' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பத்தொன்பது வயதுகூட நிரம்பாத மோகன்தாஸ் காந்தி. இங்கிலிசில் கதைக்கப் பயம். கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எதில் இறைச்சி இல்லை என்று கேட்க வெட்கம். அதனால் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழங்களையும் கபினுக்குள் வைத்தே சாப்பிட்டார். ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து மட்டும் மேல்தளத்துக்குப் போனார். இதையெல்லாம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கபினில் அவர் தனியாக இருக்கவில்லை. ஜூனாகத் வக்கீல் ஒருவரும் கூட இருந்தார். வெளியே வா, நாலு பேரோடு கதை என்று அந்த மனுசன் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கப்பலில் கபின் கதவு பாதித் தீர்வுதான். சாப்பாட்டறை எங்கே, யாரோடு என்பதுதான் மற்றப் பாதி.

இந்தப் பாதியைத்தான் இன்றைய பெரிய கப்பல்கள் விலைக்கு வைத்திருக்கின்றன. 1958 இல் அத்திலாந்திக்கைத் தாண்ட ஜெற் விமானம் வந்த பிறகு, போய்ச் சேருவதற்காகக் கப்பல் ஏறுகிற ஆட்கள் குறைந்தார்கள். கப்பல் கம்பனிகள் உல்லாசப் பயணத்துக்கு மாறின. 'எங்களிட்ட வகுப்பே இல்லை, எல்லாருக்கும் ஒரே கப்பல்' என்று விளம்பரம் செய்தன. அது கனகாலம் நிற்கவில்லை. 2008 இல் எம்.எஸ்.சி. கம்பனியின் 'ஃபன்டாசியா' கப்பலுக்குள் 'யொட் கிளப்' என்று ஒரு தனிப்பகுதி வந்தது. நோர்வேஜியன் கம்பனி தன்னுடையதுக்கு 'ஹேவன்' என்று பேர் வைத்தது. கப்பலுக்குள் ஒரு கப்பல். தனி நீச்சல் தடாகம், தனி இருப்பறை, அட்டை காட்டினால் மட்டும் திறக்கிற கதவு. ஃபன்டாசியாவில் 1600க்கு மேல் கபின்கள். அதில் யொட் கிளப்புக்குரியவை எழுபது சொச்சம். நூற்றுக்கு நாலு. காலியாவின் 42 பேரை நினைவிருக்குதா? வகுப்பு எங்கேயும் போகவில்லை, பேரை மட்டும் மாத்திக்கொண்டு வந்திருக்கிறது.

சரி, அவளுக்கு இது உதவுமா? ஓரளவுக்கு உதவும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். காலைச் சாப்பாட்டு வரிசை இல்லை, தடாகத்தில் கதிரை பிடிக்கிற சண்டை இல்லை. ஆனால் துறைமுகத்தில் இறங்குகிற பலகை ஒன்றுதான், சுற்றிப்பார்க்கிற பஸ்ஸும் அதே பஸ்தான், நாடக அரங்கும் எல்லாருக்கும் பொது. முந்தி எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டி நிறுத்துகிற ஆபத்துக்காலப் பயிற்சி இருந்தது. கொவிட்டுக்குப் பிறகு சில கம்பனிகளில் ஃபோனில் காணொளியைப் பார்த்துவிட்டு, குறித்த இடத்துக்குத் தனியாகப் போய் முகத்தைக் காட்டினால் காணும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கூச்சக்காரருக்கு யாரும் யோசிக்காமலே கிடைத்த வரம்.

இன்னொன்று, சூட் பகுதியில் பணியாளர் உங்கட பேரைத் தெரிந்து வைத்திருப்பார். கதவைத் தட்டிப் பழம் கொண்டுவருவார், நித்திரை வந்ததா என்று கேட்பார். அவள் இதைக் கேட்டவுடனேயே முகம் சுளித்தாள். கூட்டத்தில் ஒருத்தியாக மறைந்துபோகிறதும் ஒரு வகைத் தனிமைதான். அதைச் சூட் பறித்துவிடும். நூறு பேருக்குள் எல்லாரும் முகம் தெரிஞ்ச ஆட்கள் ஆகிவிடுவினம், பிறகு நாலாம் நாள் "தங்கச்சி, ஏன் தனிய?" எண்டு ஒரு மாமி கேட்பா.

கபினை விடக் கப்பலைத் தெரிவு செய்கிறதுதான் முக்கியம் என்று எங்களுக்குப் படுகிறது. அதற்கு ஒரு இலேசான கணக்கு இருக்கிறது. கப்பலின் 'கிறொஸ் ரன்' என்பது நிறை இல்லை, உள்ளே இருக்கிற இடத்தின் அளவு. அதைப் பயணிகளின் தொகையால் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். 1990 இல் கட்டின 'எம்பிரஸ்' மாதிரியான கப்பலில் இது 30 அளவில் வரும். 2024 இல் ஓடத் தொடங்கிய 'ஐகன் ஒஃப் த சீஸ்' இல் 44 வரும், ஆனால் அதில் கபினுக்கு இரண்டு பேர் எண்டாலே ஐயாயிரத்து அறுநூறு பேர். அறுநூறு பேர் போகிற 'சீபேர்ன் என்கோர்' இல் 70 கிட்ட. தனியாகப் போகிறவருக்கு நோர்வேஜியன் 'எபிக்' 2010 இல் 128 சின்ன ஒற்றைக் கபின்களை வைத்தது. யன்னல் இல்லை, அலுமாரி அளவு அறை. ஆனால் இரண்டு பேர் காசு கட்டத் தேவையில்லை. மற்றக் கப்பல்களில் தனியாகப் போனால் பெரும்பாலும் வராத ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். தனியாக இருக்க விரும்புகிறவருக்குக் கப்பல் உலகம் போடுகிற தண்டம் இது.

கதையில் 'எம்பிரஸ்' என்ற பேர் வந்ததும் கொட்டாஞ்சேனை மாமி நிமிர்ந்தா. எங்களில் ஒருவனின் அம்மம்மாவின் தங்கச்சி அவ. மூலைக்கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி வந்து காங்கேசன்துறையில் நின்றதே, அந்த எம்பிரஸ்தான். அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறா. "நாங்களும் கப்பலிலதானே கேகேஎஸ் போனனாங்கள்" என்றா.

அது 1983. அதற்கு முதலும் ஒருமுறை, ஜெற் வந்த அதே 1958 இல், கலவரத்துக்குப் பிறகு றோயல் கல்லூரி அகதி முகாமானபோதும், கொழும்புத் தமிழ்ச் சனத்தைக் கப்பலேத்தி வடக்குக்கு அனுப்பினார்கள். 83 இல் 'லங்கா கல்யாணி'யிலும் இந்தியாவிலிருந்து வந்த 'சிதம்பர'த்திலும் ஏறின கதைகள் வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. லங்கா கல்யாணி சரக்குக் கப்பல். தரையால் காங்கேசன்துறை நானூறு கிலோமீற்றர்தான். ஆனால் மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் பெரிய கப்பல் போகுமளவுக்கு ஆழம் இல்லை. காலி, மட்டக்களப்பு, திருகோணமலை என்று தீவை ஏறத்தாழ முழுக்கச் சுற்ற வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கடலில்.

மாமிக்கு அப்போது இருபத்தி மூன்று வயது. பம்பலப்பிட்டி முகாமில் மண்டபத்துத் தரையில் ஒன்பது இரவு. பிறகு கப்பல். "கடல் நல்லா இருந்தது" என்றா. அதற்குப் பிறகு, பெடியள் எழும்பிப்போன நேரம் பார்த்து, பொம்பிளையளுக்கு மறைவு இல்லாமல் போனதைச் சொன்னா. நாலு பேர் சீலையை விரிச்சுப் பிடிக்க, உள்ளே ஒருத்தி. திருப்பித் திருப்பி, இரவு முழுக்க. "ஆக்களைக் கண்டு பயந்துதான் கப்பல் ஏறினது. ஏறினாப் பிறகு ஆக்களுக்குள்ளயே கிடந்தம். ரெண்டும் கூட்டம்தான் பிள்ளை, ஆனா ஒண்டில்லை."

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். காலி வீதியில் தடியோடு வந்ததும் கூட்டம், சீலையை விரித்துப் பிடித்ததும் கூட்டம்.

மாமியின் கதைக்குப் பிறகு ஒருவன், சூட் கேட்கிறது கொழுப்பு, எங்கட சனம் பட்ட பாட்டுக்கு முன்னால இது என்ன என்று தொடங்கினான். நாங்கள் அதை ஏற்கவில்லை. மறைவு இல்லாமல் வாழ்ந்த சனத்தின் பிள்ளை மறைவு கேட்டால் அதில் கொழுப்பு என்ன இருக்கு? 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் விடியப்புறம் கதவைத் தட்டி, முந்நூற்றி எழுபதுக்கு மேல் தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே அதைத் தடுத்தது. லொட்ஜ் அறைக்கும் அவர்கள் காசு கட்டித்தான் இருந்தவர்கள். கதவு எண்டது எங்களுக்கு ஆடம்பரப் பொருளாக இருந்ததே இல்லை. எங்கட முறைப்பாடு அவளிட்ட இல்லை. நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் கதவு எண்ட கணக்கை நூறு வருசம் கழிச்சும் மாத்தாமல் விற்கிற கம்பனிகளிட்டத்தான்.

எங்கட யோசனையை அவளுக்குச் சொன்னோம். பெரிய கப்பலில் சூட் வேண்டாம். பெரியப்பா சின்னக் கப்பலுக்கு மாறினால் சாதாரண பல்கனிக் கபினே காணும். மாறாவிட்டால், அதே கப்பலில் பின்பக்கமாக, லிஃப்டுக்குத் தூரமாக ஒரு பல்கனிக் கபின். துறைமுக நாட்களில் எல்லாரும் இறங்கினாப் பிறகு கப்பல் வெறுமையாக இருக்கும். அப்ப இறங்காமல் நில். ஒருவன், நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் நூற்றைம்பது பேர்தான், நாலு மணித்தியாலத்தில முடிஞ்சிடும், அதில போ என்றான். அவனுக்குத் தலையில ஒரு குட்டு.

அவள் ஃபோனில் கபின் படத்தை மாமிக்குக் காட்டினாள். மாமி கட்டிலைப் பார்க்கவில்லை, பல்கனியைப் பார்க்கவில்லை, விலையும் கேட்கவில்லை. படத்தைப் பெருப்பிச்சுக் கதவுப் பக்கம் கொண்டுபோனா.

"உள்ளுக்கால பூட்டலாமோ?"

பூட்டலாம் என்றாள் அவள். முற்பணம் வெள்ளிக்கிழமைக்கு முதல் கட்ட வேண்டுமாம். பெரியப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.