சென்னைத் துறைமுகத்திலிருந்து போன ஒரு விண்ணப்பம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிப்பு பற்றித் தொலைக்காட்சி மன்றத்தில் பேச்செடுத்தால், பெற்றோரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "என்னென்ன தாள்கள் வைக்க வேண்டும்?" என்பதுதான். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ் நகல், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு பட்டியலைச் சொல்லிவிடலாம். தேக்காவில் நகலெடுக்கும் கடைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் கோப்பு தயாராகிவிடும். ஆனால் அந்தத் தாள்களில் எது கதவைத் திறக்கிறது? இதற்கு வரலாற்றில் விடை உண்டு. அந்த வரலாற்றில் தமிழர் ஒருவரின் கோப்பும் இருக்கிறது.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டு, செசில் கிளமென்டி ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் 'குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்' எனப்படும் அரசியார் உபகாரச் சம்பளம் இங்கே தொடங்கப்பட்டது. தேர்வில் முதலிடம் பெறுபவர் அரசாங்கச் செலவில் பிரிட்டன் சென்று படிக்கலாம். 1887இல் அதைப் பெற்ற லிம் பூன் கெங், எடின்பரோவுக்குச் சென்று மருத்துவரானார். 1886இல் முதலிடம் பெற்ற சோங் ஓங் சியாங்கிற்கு மட்டும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. காரணம், வயது போதவில்லை. காத்திருந்து மீண்டும் எழுதி 1888இல் வென்ற அவர், சட்டம் படித்துத் திரும்பினார். அந்தக் காலத்துக் கோப்பில் எடைபோடப்பட்டவை தேர்வு முடிவும் பிறந்த தேதியும்தான்.

அப்படியானால் தேர்வில் தோற்றவரின் கதி என்ன?

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜனைத்தான் சொல்கிறேன். அவரது மேதைமையைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவரது விண்ணப்பத் தாள்களைப் பற்றிக் கேட்டது குறைவு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு பாடங்களில் கவனம் செல்லாததால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் கிடையாது. இன்றைய கணினி விண்ணப்பத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைத் தாண்டியிருக்கவே மாட்டார்.

ஆனால் அவரிடம் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. பல ஆண்டுகள் தாமே கண்டறிந்த கணிதத்தை அவற்றில் எழுதி வைத்திருந்தார். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவரது முதல் கட்டுரை வெளிவந்தது. மறு ஆண்டு சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டபோது, மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் அதில் சொன்னார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை உடனிருந்தது. மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் 1912 மார்ச் 1ஆம் தேதி வேலை கிடைத்தது.

அங்கே அவருக்கு வாய்த்தவர்கள் நல்லவர்கள். மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். இருவரும் தங்கள் எழுத்தருக்காகப் பிறரிடம் பேசினார்கள். சென்னைப் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த கிரிஃபித், லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு 1912இல் எழுதினார். ஹில் குறைகளைச் சுட்டிக்காட்டி, படிக்க வேண்டிய ஒரு நூலையும் சொன்னார். அதோடு சரி. கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இருவருக்கு ராமானுஜன் எழுதியும் ஆதரவு கிடைக்கவில்லை.

பிறகுதான் 1913 ஜனவரி 16ஆம் தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் ஜி.எச். ஹார்டிக்குப் போனது. அதில் ராமானுஜன் தம்மைப் பெரிதுபடுத்திக் கொள்ளவில்லை. துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் எழுத்தராக இருப்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். வயது ஏறத்தாழ 23 என்று எழுதினார். உண்மையில் 25 நிறைந்திருந்தது. கடிதத்தோடு இணைத்தவை சான்றிதழ்கள் அல்ல, சுமார் 120 கணிதத் தேற்றங்கள். ஹார்டி அவற்றைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து படித்தார். எழுதியவர் சாதாரணமானவர் அல்லர் என்று இருவருக்கும் புரிந்தது. பிப்ரவரி 8ஆம் தேதி ஹார்டி பதில் எழுதினார். பாராட்டோடு நிற்கவில்லை, நிரூபணங்களைக் கேட்டார்.

ஹார்டியின் பதில் ஒன்றே கேம்பிரிட்ஜ் கதவைத் திறந்துவிடவில்லை. கடல் கடந்து போக ராமானுஜனும் அப்போது இணங்கவில்லை. உள்ளூரில் உதவிப் பணம் கிடைக்க உங்கள் கடிதம் துணையாக இருக்கும் என்றே ஹார்டிக்கு மறுபடி எழுதினார். அதே பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் குறிப்புகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். ஆய்வு உதவிக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. விதிக்கு விலக்குத் தேடிய பல்கலைக்கழகம், 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் தந்தார்.

1914 தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவாற்ற வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் நெவில், ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். அவரைப் பயணத்துக்கு இணங்கச் செய்தார். ஜனவரி 28ஆம் தேதி பதிவாளருக்குக் கடிதமும் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கிடைத்தது. மார்ச் 17ஆம் தேதி 'நெவாசா' கப்பல் புறப்பட்டது. கேம்பிரிட்ஜும் பட்டமில்லாத அவரை ஆய்வு மாணவராக ஏற்று, 1916இல் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் தந்தது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி, 32 வயதில் சென்னையில் காலமானார். எண்ணிப் பாருங்கள். எழுத்தர் வேலைக்கும் கப்பல் பயணத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் போயின. பயணத்துக்குப் பின் அவருக்கு மிஞ்சியவை ஆறே ஆண்டுகள். இன்னும் ஒரு கடிதம் தாமதமாகியிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும்!

இந்தக் கோப்பில் நான் காண்பவை இரண்டு. ஒன்று, அவர் கையால் செய்த வேலை. மற்றொன்று, அந்த வேலையைப் படித்துப் பார்த்துவிட்டு அவருக்காகப் பேசிய மனிதர்கள். மிடில்மாஸ்ட், வாக்கர், நெவில் ஆகிய ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை எழுதினார்கள்.

சிங்கப்பூரிலும் இது நடந்திருக்கிறது. 1947இல் ராஃபிள்ஸ் கல்லூரிப் பட்டயத்தோடு குவீன்ஸ் ஸ்காலர்ஷிப்பையும் வென்றார் குவா கியோக் சூ. ஆனால் அந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்ற செய்தி வந்தது. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த லீ குவான் இயூ, கர்ட்டன் கல்லூரித் தலைவியை நேரில் கண்டு அவருக்காகப் பேசினார். இடம் கிடைத்தது, அந்த ஆண்டே குவா கப்பலேறினார். 1949இல் இருவரும் சட்டத்தில் முதல் வகுப்பில் தேறினர். பட்டயம் பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு இது நெஞ்சுக்கு நெருக்கமான வரலாறு. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்தை ஏற்று, சில பாடங்களிலிருந்து விலக்களிக்கும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் இன்று பல உள்ளன.

இன்றைய நிலை என்ன? பிரிட்டனுக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர், இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் தம்மைப் பற்றி எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்கள் உண்டு. நொடியில் எழுதித் தரும் கணினிச் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் செய்த வேலை எதுவும் இல்லாவிட்டால், அந்தக் கேள்விகளுக்கு வரும் விடை யாருக்கும் பொருந்தும் விடையாகத்தான் இருக்கும்.

வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்டப் பத்துப் பேர் இருப்பார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? என் கவலை இந்தப் பிள்ளையைப் பற்றியதுதான். அதற்கு நாம் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை ஆண்டு முழுவதும் செய்யும் வேலையை, அது ஆய்வோ ஓவியமோ தொண்டூழியமோ, தேதியிட்டுச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் அதைப் பார்க்கட்டும். பார்த்தவரால்தான் பரிந்துரையில் உயிரோடு எழுத முடியும். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்பு என்றால் கடைசி நாள் அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும். பிறந்த தேதியும் பெயரும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்ளும் படிவங்களில் நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி குழப்பம் நேர்கிறது.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய தமிழர்கள் இன்று சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் புளோக்கில், உங்கள் கோயிலில், உங்கள் அலுவலகத்தில் ஒரு பிள்ளை விண்ணப்பத்தோடு தவித்துக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம் ஒதுக்கி அதைப் படித்துப் பாருங்கள். நாராயண ஐயர் தம் அலுவலக எழுத்தருக்குச் செய்த உதவியும் அப்படித்தான் தொடங்கியது.